மூன்றாவது மிஸிஸ் தேனுஜன்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் பாயிஸ் நானாவின் கொமியூனிகேஷன் கடை இருக்கிறது. ஜீவராணி அங்கே பதினொரு வருடமாகத் தட்டெழுத்து வேலை பார்த்தாள். வீசா விண்ணப்பம், வேலை கேட்டு எழுதும் கடிதம், ஸ்பொன்சர் கடிதம், மரண அறிவித்தல் என்று ஆங்கிலத்தில் எது தேவைப்பட்டாலும் ஆட்கள் அவளுடைய மேசைக்கு முன்னால் கிடக்கும் பிளாஸ்டிக் கதிரையில் வந்து உட்காருவார்கள். அவள் முதலில் கேட்பது, பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்பதைத்தான்.

அது பழைய வேலையில் பிடித்த பழக்கம். இங்கே வருவதற்கு முன், கொட்டாஞ்சேனையில் துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் ஒன்பது வருடம் கடித உறைகளில் பெயர் அடித்தவள் அவள். அங்கிருந்த மானேஜர் எழுத்துப் பிழையைப் பொறுப்பார்; பெயருக்கு முன்னால் வரும் சொல் பிழைத்தால் உறையை இரண்டாகக் கிழித்துக் கையில் தந்துவிடுவார். மிஸ்டர் என்று முன்னால் போட்டால் எஸ்கொயர் என்று பின்னால் போடக் கூடாது. சின்னப் பையனுக்கு மாஸ்டர். பாதிரியாருக்கு ரெவரண்ட், ஆனால் பெயரில்லாமல் வெறும் ரெவரண்ட் என்று கூப்பிடுவது அழகில்லை. ஆணுக்கு மிஸ்டர் ஒன்றே போதும். அவன் கலியாணம் கட்டியவனா இல்லையா என்று அந்தச் சொல் வாய் திறக்காது. பெண்ணுக்குத்தான் சிக்கல். மிஸ் என்றால் கட்டாதவள். மிஸிஸ் என்றால் கட்டியவள், அதுவும் புருஷனின் பெயரோடு. இரண்டையும் சொல்ல விரும்பாதவளுக்கு எம்மும் எஸ்ஸும் சேர்ந்த இரண்டெழுத்துச் சொல் ஒன்று உண்டு. இவை எல்லாம் அடுத்தவர் நமக்குத் தருகிற மரியாதை என்பதால், தன் பெயருக்கு முன்னால் தானே எழுதிக்கொள்வது நாகரிகமில்லை.

ஜீவராணிக்கும் ஒரு புருஷன் இருந்தார். தயாபரன் சுவிசுக்குப் போய் மூன்றாம் வருடம் போன் எடுப்பதை நிறுத்தினார். அங்கே வேறு ஒருத்தியோடு இருக்கிறார் என்று ஆட்கள் சொன்னார்கள். விவாகரத்து என்று எதுவும் நடக்கவில்லை. தெஹிவளையில் பிளாற் வாடகைக்கு எடுக்கும்போது அவள் மிஸிஸ் தயாபரன் என்று கையெழுத்து வைத்தாள். புருஷன் இல்லாத பெண்ணுக்கு வீட்டுக்காரர்கள் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். கடையில் எல்லோருக்கும் அவள் மிஸ். இந்த ஊரில் மேசைக்குப் பின்னால் இருக்கும் எந்தப் பெண்ணும் மிஸ்தானே. அவள் திருத்தவில்லை. வெள்ளவத்தையில் அவளுடைய மற்றப் பெயரை அறிந்தவர் எவரும் இல்லை என்றே நினைத்திருந்தாள். பதினாறு வயது மகள் சாருஜா பற்றியும் கடையில் பாயிஸ் நானாவுக்கு மட்டும்தான் தெரியும்.

2023 தை மாதம் யோகராஜ் முதன்முதலாகக் கடைக்கு வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சிறிய சந்தனப் பொட்டு, மெல்லிய குரல். கதிரையில் உட்காருவதற்கு முன் அவளிடம் அனுமதி கேட்டார். போட்டோ கொப்பி எடுக்க நின்ற முச்சக்கரவண்டிக்காரனையும் மிஸ்டர் என்றார். ஒழுங்கையிலேயே ஆங்கிலம் ஒழுங்காக எழுதுகிறவர் மிஸ்தான் என்று பலபேர் சொல்லித்தான் வந்ததாகச் சொல்லி, ஒரு விசிட்டிங் கார்ட்டை இரண்டு கையாலும் நீட்டினார். மிஸ்டர் எஸ். யோகராஜ், ஜே.பி. என்று தங்க எழுத்தில் இருந்தது. கீழே கொட்டாஞ்சேனை விலாசம்.

ஜே.பி., அதாவது சமாதான நீதவான், என்பதை அவள் நம்பினாள். அவருடைய ரப்பர் முத்திரையையும் பிறகு பார்த்தாள். ஆனால் கார்ட்டில் தனக்குத் தானே மிஸ்டர் போட்டிருந்தது அவளுக்கு ஒரு மாதிரி இருந்தது. பழைய மானேஜர் கண்டால் கிழித்திருப்பார். அன்று அதை ஒரு வேடிக்கையாக மட்டும் எடுத்துக்கொண்டாள்.

அவர் கொண்டுவந்த வேலை சின்னது. வளைகுடா நாடொன்றில் இருக்கும் மிஸ்டர் தேனுஜன் என்பவர், தன் மனைவியைத் தன்னிடம் அழைப்பதற்கான கடிதம். மனைவியின் பெயர் துஷாந்தினி. தமிழில் எழுதிக் கொண்டுவந்த தாளில் அந்தப் பெயரும் கடவுச்சீட்டு இலக்கமும் இருந்தன. ஜீவராணி மிஸிஸ் துஷாந்தினி தேனுஜன் என்று அடித்தாள். மை மங்கி முதல் தாள் பழுதாகிப் போக, இன்னொன்று எடுத்துக் கொடுத்தாள். யோகராஜ் வரிவரியாக வாசித்துப் பார்த்துவிட்டு, கணினியில் இருக்கும் பிரதியைத் தன் கண்ணுக்கு முன்னால் அழித்துவிடும்படி பணிவாகக் கேட்டார். குடும்ப விஷயம் அல்லவா என்றார். அவள் அழித்தாள். பழுதான தாள், பின்பக்கத்தில் குறிப்பு எழுத உதவும் என்று மேசைக்குக் கீழ் இருந்த காட்போட் பெட்டிக்குள் போயிற்று. எல்லாப் பழுதான தாள்களும் அங்கேதான் போகும்.

பங்குனி மாதம் மறுபடி வந்தார். அதே கடிதம். அழைக்கிறவர் அதே மிஸ்டர் தேனுஜன். மனைவி மட்டும் வேறு. இந்த முறை மிஸிஸ் எஸ். தேனுஜன் என்று மட்டும் போட்டால் போதும், பெண்ணின் பெயர் முழுவதும் தேவையில்லை, விபரம் எல்லாம் வீசா விண்ணப்பத்தில் இருக்கிறது, அதைத் தானே நிரப்பிக்கொள்வதாகச் சொன்னார். ஜீவராணியின் விரல்கள் விசைப்பலகையில் நின்றன. தேனுஜன் என்று எத்தனையோ பேர் இருப்பார்கள். ஆனால் விலாசமும் ஒன்றாக இருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். யோகராஜ் புன்னகை செய்துகொண்டிருந்தார். அந்தப் புன்னகை கேள்வியை வரவேற்பது போலவும் இருந்தது, கேட்டால் என்ன நடக்கும் என்று சொல்வது போலவும் இருந்தது. அவள் கேட்கவில்லை. தாள் முதல் தரமே சுத்தமாக வந்துவிட்டது. பிரதியையும் அழித்தாள்.

அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது, நான் தட்டெழுதுகிறவள், எழுதியவற்றுக்கு நான் பொறுப்பில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். தெஹிவளை வரும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

வைகாசியில் ஒரு மழை நாளில் நேசமலர் என்ற பெண் கடைக்கு வந்தாள். கிராண்ட்பாஸிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். மகள் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய் மூன்று மாதமாம். போய்ச் சேர்ந்த அன்று ஒரு தரம் போனில் பேசினாளாம். அதற்குப் பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவில்லை. வேலைக்குப் போனவர்களைப் பதிகிற இடத்தில் விசாரித்தால், அந்தப் பெயரில் எவரும் வேலைக்குப் போனதாகப் பதிவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே அந்த நாட்டுத் தூதரகத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வேண்டும். மகளின் கடவுச்சீட்டு இலக்கம் அவளுக்குத் தெரியாது. பெயர் தெரியும்.

வழக்கம்போல, பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்று ஜீவராணி கேட்டாள்.

“மிஸ் போடுங்க மிஸ். எம் மக இன்னும் கல்யாணம் முடிக்கலையே. பேரு துஷாந்தினி.”

ஜீவராணிக்குத் தை மாதத்துக் கடிதம் நினைவுக்கு வந்தது. வேறு துஷாந்தினியாக இருக்கலாம் என்று நினைக்கப் பார்த்தாள். யார் அனுப்பியது என்று கேட்டபோது, கொட்டாஞ்சேனையில் ஒரு ஐயா, ரொம்ப மரியாதையானவர், வீட்டுக்கு வந்தபோது என்னையே மேடம் என்று கூப்பிட்டார் என்றாள் நேசமலர்.

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். உங்கள் மகள் மிஸ் ஆகப் போகவில்லை, மிஸிஸ் ஆகப் போயிருக்கிறாள், அந்தச் சொல்லை அடித்தது நான்தான் என்று. வேலைக்குப் போகிற பெண்ணுக்குப் பதிவு இருக்கும், ஒப்பந்தம் இருக்கும், ஆள் காணாமற்போனால் கேட்க ஒரு இடம் இருக்கும். புருஷனிடம் போகிற மனைவிக்கு அதொன்றும் தேவையில்லை. அவளைப் புருஷன்தான் தேட வேண்டும். இது ஜீவராணிக்கு அந்த நிமிடத்தில் முழுவதுமாக விளங்கியது. விளங்கியும் வாய் வரவில்லை. மிஸ் துஷாந்தினி என்று அடித்து, கடிதத்தை மடித்து உறையில் போட்டுக் கொடுத்தாள். கடைசி வரிக்கு மட்டும் நேசமலரின் போன் இலக்கத்தைக் கேட்டு வாங்கி, அதைத் தன் கொப்பியிலும் எழுதிக்கொண்டாள். ஆறு வாரத்தில் தூதரகத்திலிருந்து பதில் வந்தது. கொடுத்த விபரத்தில் அப்படி ஒரு செல்வி நாட்டுக்குள் வந்ததைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று. நேசமலர் அதை வாசித்துச் சொல்லும்படி கடைக்கே கொண்டுவந்தாள். ஜீவராணி வாசித்துச் சொன்னாள். அப்போதும் சொல்லவில்லை.

அன்று முதல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சாருஜா கேட்டதற்குப் பல்வலி என்றாள்.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, முற்பகலில், யோகராஜ் மூன்றாவது தரம் வந்தார். இந்த முறை பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்தார். இராமலெட்சுமி என்று பெயர். பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். இருபது வயதுக்கு மேல் இருக்காது. பக்கத்து ஸ்டூடியோவில் படம் எடுத்துவிட்டு வந்திருந்தாள். வகிட்டில் குங்குமம், கழுத்தில் கவரிங் தாலிக்கொடி. கொடி புதிதாக மின்னியது; கழுத்தோ அதற்குப் பழகாமல், அவள் அதை அடிக்கடி தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

கடிதம் பாதி அடித்திருக்கும்போது யோகராஜின் போன் அடித்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அவர் ஒழுங்கைக்கு இறங்கினார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பேசினார்.

பெண் திரையை எட்டிப் பார்த்தாள். தன் பெயருக்கு முன்னால் இருந்த எழுத்துக்களை விரலால் காட்டினாள்.

“அக்கா, இது என்னாங்க?”

மிஸிஸ் என்று ஜீவராணி சொன்னாள்.

“எங்க ஸ்கூல்ல டீச்சர மிஸ்னு கூப்புடுவோம். மிஸிஸ்னா அதவிடப் பெரிய வேலைங்களா?”

ஜீவராணி கதவைப் பார்த்தாள். யோகராஜ் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். என்ன வேலை என்று உங்களுக்குச் சொன்னார்கள் என்று தணிந்த குரலில் கேட்டாள். ஹோட்டலில் துணி மடிக்கிற வேலை என்றாள் பெண். அந்த ஊரில் கல்யாணம் ஆனவர்களுக்குச் சம்பளம் கூடவாம்; அதனால்தான் படத்துக்கு மட்டும் தாலியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார்களாம்.

“பிள்ளை, மிஸிஸ் எண்டா ஒருத்தற்ர பெண்சாதி எண்டு அர்த்தம். இந்தக் கடிதத்தின்படி நீங்கள் தேனுஜன் எண்டவற்ர பெண்சாதி.”

பெண் ஒரு கணம் சிரிக்கப் பார்த்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

“அது யாருன்னே எனக்குத் தெரியாதுங்களே அக்கா.”

இந்த ஆளுக்கு நான் அடித்துக் கொடுக்கிற மூன்றாவது மனைவி நீங்கள், முதலாவது பெண்ணின் தாய் மகளைத் தேடிக்கொண்டு திரிகிறாள் என்று ஜீவராணி சொன்னாள். இத்தனை மாதமாக நேசமலரிடம் சொல்ல வராதது, முன்பின் தெரியாத இந்தப் பிள்ளையிடம் நான்கு வார்த்தையில் வந்துவிட்டது. பெண்ணின் கை தாலிக்கொடியை இறுகப் பிடித்தது. கடவுச்சீட்டு ஐயாவிடம், அடையாள அட்டையும் அவரிடம். கொட்டாஞ்சேனையில் மெற்றில்டா என்று ஒரு அம்மாவின் வீட்டு மேல்மாடியில் தங்க வைத்திருக்கிறார்கள். வெளியே போக விடுவதில்லை. ஞாயிறு காலையில் கோவிலுக்கு மட்டும் அந்த அம்மா கூட்டிப்போய் வாசலில் நிற்பார். இவ்வளவையும் அவள் மூச்சு விடாமல் சொன்னாள். கோவிலின் பெயரையும் சொன்னாள். ஜீவராணி ஒரு துண்டில் தன் போன் இலக்கத்தை எழுதி, அவளுடைய உள்ளங்கையில் வைத்து விரல்களை மடித்துவிட்டாள்.

யோகராஜ் உள்ளே வந்தார். கடிதம் முடிந்ததா என்று கேட்டார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஜீவராணி ஒரு வாடிக்கையாளரிடம் பொய் சொன்னாள். இப்போது புதிய விதி வந்திருக்கிறது, அடையாள அட்டையில் இல்லாத மிஸிஸைக் கடிதத்தில் போட்டால் திருப்பி அனுப்புகிறார்கள், விவாகப் பதிவின் மூலப் பிரதியும் வேண்டும், திங்கட்கிழமை கொண்டுவந்தால் ஒரேயடியாக முடித்துத் தரலாம் என்றாள். குரல் நடுங்கவில்லை. பதினொரு வருடம் அந்த மேசையில் இருந்து விதிகளைச் சொல்லிச் சொல்லிப் பழகிய குரல் அது.

யோகராஜ் அவளைப் பார்த்தார். பிறகு பெண்ணைப் பார்த்தார். திங்கட்கிழமை வருவதாகச் சொல்லி, நன்றி சொல்லி, பெண்ணுக்குக் கதவைத் திறந்து பிடித்தார்.

நடந்ததெல்லாவற்றையும் அவள் பாயிஸ் நானாவிடம் சொன்னாள். அவர் லெமினேட் மெசினை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

“தங்கச்சி, அந்தாள்ட கண் நல்லமில்ல. நமக்கு வாணாம்னு சொல்லத்தான் மனசு வருது. ஆனா அந்தப் புள்ளக்கி யாரு ஈக்கிறாங்க?”

ஞாயிறு காலை ஜீவராணி கொட்டாஞ்சேனைக்குப் போனாள். கோவிலில் நல்ல கூட்டம். வாசலில், செருப்பு விடும் இடத்தில், தடித்த ஒரு பெண்மணி குடையை ஊன்றிக்கொண்டு நின்றாள். கழுத்தில் சிலுவை. அவள்தான் மெற்றில்டாவாக இருக்க வேண்டும். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றது அதனால்தான் போலும். இராமலெட்சுமி பிரகாரத்தில் மூன்றாம் சுற்று வந்துகொண்டிருந்தாள். ஜீவராணியைக் கண்டதும் கால் இடறியது. ஜீவராணி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பின்பக்கம் மடைப்பள்ளியைத் தாண்டினால் அடுத்த தெருவுக்கு ஒரு சின்ன வாசல் உண்டு. பழைய அலுவலக நாட்களில் மதியச் சாப்பாட்டு வேளையில் ஜீவராணி வந்துபோன வழி அது. வெளியே பாயிஸ் நானா பேசி வைத்த முச்சக்கரவண்டி நின்றது. பெண்ணின் செருப்பு முன்வாசலில் கிடந்தது. அதை விட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறினாள்.

புறக்கோட்டையில், அவளுடைய ஊர்ப்பக்கம் போகும் ஹட்டன் பஸ் புறப்பட இருபது நிமிடம் இருந்தது. அந்த இருபது நிமிடமும் ஜீவராணி பஸ்ஸின் படியருகே நின்றாள். வெள்ளைச் சட்டை போட்ட எவரைக் கண்டாலும் யோகராஜோ என்று பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை, பாதிப் பேர் வெள்ளைச் சட்டைதான். பெண் யன்னலோரம் குனிந்து உட்கார்ந்திருந்தாள். கடவுச்சீட்டு போனால் போகட்டும் என்று இரண்டு தரம் சொன்னாள். பஸ் அசையத் தொடங்கியபோது தாலிக்கொடியைக் கழற்றி ஜீவராணியின் கையில் திணித்தாள். வேண்டாம் என்று சொல்வதற்குள் பஸ் போய்விட்டது. அவள் அதைக் கைக்குட்டையில் சுற்றி, வரும் வழியில் ஒரு குப்பைத் தொட்டியில் போட்டாள்.

மாலை நான்கு மணிக்கு, தன் மாமா வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டதாக இராமலெட்சுமியிடமிருந்து அழைப்பு வந்தது. ஜீவராணி குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

திங்கட்கிழமை யோகராஜ் சொன்னபடியே வந்தார். தனியாக வந்தார். கடையில் இரண்டு மாணவர்கள் கொப்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகும்வரை பொறுமையாக நின்றார். பிறகு கதிரையில் உட்கார்ந்தார். இந்த முறை அனுமதி கேட்கவில்லை.

“எப்பிடி இருக்கிறியள், மிஸிஸ் தயாபரன்?”

அந்தக் கடைக்குள் அந்தப் பெயரை ஒருவரும் இதுவரை சொன்னதில்லை. ஜீவராணியின் கை மவுஸிலேயே இருந்தது. 

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கடித உறையை எடுத்து மேசையில் வைத்தார். ஒட்டவில்லை, உள்ளே ஒன்றும் இல்லை. மேலே அழகான தட்டெழுத்து. முதல் வரியில் மிஸ் சாருஜா தயாபரன். இரண்டாம் வரியில் வகுப்பும் பிரிவும். மூன்றாம் வரியில் பாடசாலை. அதற்குக் கீழே தெஹிவளைப் பிளாற்றின் இலக்கம், மாடி எண்ணோடு.

“நீங்கள் இதில கெட்டிக்காரி. மிஸ் எண்டு போட்டது சரிதானே? பிழை எண்டால் சொல்லுங்கோ, மாத்துறன்.”

குரல் அப்போதும் மெல்லியதாகவே இருந்தது. பாயிஸ் நானா கொப்பி மெசினுக்குப் பின்னால் இருந்து எழுந்து வந்து நின்றார். யோகராஜ் அவரைப் பார்த்து, வணக்கம் மிஸ்டர் பாயிஸ் என்றார். பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. உறையை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

ஜீவராணி உடனே பாடசாலைக்கு ஓடினாள். சாருஜா வகுப்பில்தான் இருந்தாள். தாய் இந்த நேரத்தில் ஏன் வந்தாள் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. வீட்டுக்குப் போகாமல், பாயிஸ் நானாவின் மனைவியிடம் மகளை விட்டுவிட்டு, ஜீவராணி மறுபடி கடைக்கு வந்தாள். பயந்து வாயை மூடுவதானால் இந்த நிமிடத்தோடு மூட வேண்டும். ஆனால் வாயை மூடியிருந்ததால்தானே இவ்வளவும் வந்தது என்று அவளுக்குப் பட்டது. காட்போட் பெட்டியைக் கவிழ்த்தாள். ஏழு மாதத்துப் பழுதான தாள்கள். தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள். தையில் அடித்த கடிதம், மங்கிய மையோடு, ஒரு பலசரக்குப் பட்டியலின் மறுபக்கத்தில் கிடைத்தது. துஷாந்தினியின் பெயரும் கடவுச்சீட்டு இலக்கமும் வாசிக்கக்கூடியதாக இருந்தன.

அவளும் பாயிஸ் நானாவும் பொலிசுக்குப் போனார்கள். பெண்கள் சிறுவர் பிரிவில் இருந்த உத்தியோகத்தர் சிங்களத்தில் கேட்க, அவள் சிங்களத்தில் சொன்னாள். இரண்டு மணித்தியாலம் எழுதினார்கள். தான் அடித்த கடிதங்களையும், மூன்று மாதம் பேசாமல் இருந்ததையும் மறைக்காமல் சொன்னாள். உறையை, தாளை, விசிட்டிங் கார்ட்டை, கடைக் கமராவில் பதிந்த முகத்தை எல்லாம் கொடுத்தார்கள். கார்ட்டில் இருந்த விலாசத்தைத் தேடிப் பொலிஸ் போனபோது அங்கே இழுத்து மூடிய ஷட்டர் ஒன்றுதான் இருந்தது. இராமலெட்சுமி போனில் அடையாளம் சொன்ன மேல்மாடி வீடும் காலி. சமாதான நீதவான் பெயர்ப் பட்டியலில் அப்படி ஒருவர் இல்லை.

அன்று மாலையே அவள் நேசமலருக்குப் போன் எடுத்தாள். நேரில் வரச் சொல்லி, வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். நேசமலர் கத்தவில்லை, அடிக்கவில்லை. கதிரையில் இருந்தபடியே கேட்டாள்.

“மொத நாளே ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. இல்லையா மிஸ்?”

ஓம் என்றாள் ஜீவராணி.  கடவுச்சீட்டு இலக்கத்தோடு, மிஸ், மிஸிஸ் என்று இரண்டு பெயரையும் போட்டு, புதிய கடிதம் அடித்தாள். நேசமலர் அதை வாங்கிக்கொண்டு போனாள். போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தக் கடிதத்துக்குப் பதில் வந்தது. மார்கழியில் துஷாந்தினி திரும்பி வந்தாள். நேசமலர் ஒரு நாள் கடை வாசலுக்கு வந்து, உள்ளே வராமல், நின்றபடியே சொல்லிவிட்டுப் போனாள். ஒரு வீட்டில் பூட்டி வைத்திருந்தார்களாம். மெலிந்துபோயிருக்கிறாளாம். யாராவது கதவைத் தட்டினால் உள்ளறைக்குள் போய்விடுகிறாளாம். அங்கே நடந்ததை இன்னும் சொல்லவில்லையாம்.

யோகராஜ் பிடிபடவில்லை. அது அவருடைய உண்மைப் பெயரா என்பதும் தெரியவில்லை. ஜீவராணி தெஹிவளை வீட்டைக் காலி செய்து வேறு இடத்துக்கு மாறினாள். எந்த இடம் என்று கடையில் எவருக்கும் சொல்வதில்லை. சாருஜா ரியூசனுக்குத் தனியாகப் போவதில்லை. அதனால் தாய்க்கும் மகளுக்கும் கிழமைக்கு இரண்டு சண்டை நடக்கிறது. இராமலெட்சுமி தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகம் ஒன்றில் வேலை செய்கிறாள். எப்போதாவது போன் எடுப்பாள். கடை போனிலும் சில நாட்களில் அழைப்பு வரும். எடுத்தால் மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். பாயிஸ் நானா அந்தப் போனின் கம்பியைக் கழற்றிவிட்டார்.

மாசி மாதம் பொலிசிலிருந்து ஜீவராணியின் கைபேசிக்கு ஒரு அழைப்பு வந்தது. அவளுடைய வாக்குமூலத்தை எழுதிய அதே உத்தியோகத்தர். அந்த நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில், பத்திரம் எதுவும் இல்லாத ஒரு பெண் இருக்கிறாளாம். தமிழ்ப் பெண்ணாம். பேச முடியாத நிலையாம். பங்குனியில் நீங்கள் அடித்த கடிதத்தில் இருந்த இரண்டாவது பெண்ணாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறோம் என்றார். காணாமற்போனவர்களின் பட்டியலில் எஸ் எழுத்தில் தொடங்கும் பெயர்கள் நான்கு இருப்பதாகச் சொல்லி, ஒவ்வொன்றாக வாசித்தார். சுகந்தி. சிவகாமி. சரஸ்வதி. ஸ்டெல்லா. ஒவ்வொன்றுக்கும் பிறகு நிறுத்தி, நினைவு வருகிறதா என்று கேட்டார்.

ஜீவராணி கண்ணை மூடி அந்தப் பங்குனி நாளின் தாளை நினைத்துப் பார்த்தாள். புருஷனின் பெயர் தெரிந்தது. விலாசம் தெரிந்தது. அவளுடைய பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு எழுத்தும் ஒரு புள்ளியும்தான் இருந்தன.

தெரியாது என்றாள்.

உத்தியோகத்தர் நான்கு பெயரையும் மறுபடி முதலிலிருந்து, இன்னும் மெதுவாக, வாசிக்கத் தொடங்கினார்.